துப்பட்டாவுக்குள் ஓர் ஆய்வகம்

பட்டப்பகலில் திருச்சிக்குள் இருட்டைத் தேடி அலைந்த ஒரே மனுஷி ஊதாதான். வெயிலுக்குப் பயந்து நிழல் தேடுகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவளுக்கு நிழல் போதாது. கும்மிருட்டு வேண்டும். அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, இந்த நிமிஷமே வேண்டும்.

காரணம், அவள் கைப்பையில் இருந்த டார்ச். கள்ள நோட்டு பார்க்கக் கடைகளில் ஊதா வெளிச்சம் வைத்திருப்பார்களே, அதற்கு அக்கா முறை ஆகும் டார்ச் அது. அந்த வெளிச்சம் பட்டால் சில பொருள்கள் பகலில் காட்டாத நிறத்தைக் காட்டும். மஞ்சள் தூள் எலுமிச்சைப் பச்சையாகப் பளீரென்று எரியும். கீரையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து டார்ச் அடித்தால் ரத்தச் சிவப்பு வரும். ஆனால் சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் எதுவும் தெரியாது. அதனால் இருட்டு. இருட்டு கிடைக்காத இடத்தில் துப்பட்டா.

ஒரு தடவை டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவின் பூக்கூடையையும் தன் தலையையும் சேர்த்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். கண்டக்டர் ஓடி வந்தார்.

"யம்மா, வாந்தியா? ஜன்னல் பக்கம் உக்காருங்க!"

"இல்லைங்கண்ணே, ஆராய்ச்சி!" என்று துப்பட்டாவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இறங்குற எடம் வந்ததும் வெளிய வந்துருங்க," என்றார் அவர். ஊரில் பல வகைப் பயணிகளைப் பார்த்தவர்.

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். அவளுக்காக நான் தயாரித்த 'பகலில் இருட்டு கிடைக்குமிடங்கள்' பட்டியல் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. மலைக்கோட்டை ஏறும்போது பாறைக்குள்ளே படிக்கட்டு திரும்புகிற இடம். புத்தூர் ஜெராக்ஸ் கடையில் மிஷின் மூடிக்கு அடியில் (கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து). எங்கள் ஹாஸ்டல் அறையில் அவளுடைய மர அலமாரிக்குள், துணிகளைத் தள்ளிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால். மூன்றாவதுதான் மிகத் தரமான இருட்டு. அதற்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் காட்டூர் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தோம். மசாலாத் தூள், எண்ணெய், மூலிகைப் பொடி எது வந்தாலும் அதில் என்ன இருக்கிறது, என்ன இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்போம். தங்கியது புத்தூரில், வேலைக்குப் போகும் பெண்கள் ஹாஸ்டலில், ஒரே அறையில். என்னைவிட அவள் ஒரு வயது மூத்தவள். சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். அப்பா வயலில் கடலை போடுகிறவர். ரிஜிஸ்டரில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஒரு மாதத்தில் வார்டனே அதை மறந்துவிட்டு, "ஊதாவுக்கு பார்சல் வந்திருக்கு" என்று மாடிப்படியிலிருந்து கத்த ஆரம்பித்துவிட்டார்.

டார்ச் அவளுக்கு வெறும் கருவி. காதல் வேறு: கஷாயம்.

உலகத்தில் எந்த மூலையில் எந்த மக்கள் எந்தக் கொடியைக் காய்ச்சிக் குடித்து மனம் பறந்தார்கள், அந்தப் பானையில் அதைச் செய்த சரக்கு எது, அதை வேதியியல்காரர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வரலாறு. மற்ற வரலாறெல்லாம் அவளைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. முதல் இட்லிக்கும் இரண்டாவது இட்லிக்கும் நடுவில் ஆரம்பித்துவிடுவாள்.

"அமேசான் காட்டுல ஒரு கொடி இருக்குடீ. அத வேக வச்சு குடிச்சா தூரத்துல இருக்கறவன் மனசுல என்ன இருக்குன்னு தெரியும்னு அங்க நம்பிக்கை. ஒரு கெமிஸ்ட் அதுலேர்ந்து ஒரு சரக்கப் பிரிச்சான். பிரிச்ச சந்தோஷத்துல 'டெலிபதின்'னு பேரு வச்சுட்டான். இன்னொருத்தன் பிரிச்சான், உள்ளூர்ப் பேர வச்சு வேற பேரு. மூணாவது ஒருத்தன் வந்தான், அவன் பங்குக்கு ஒரு பேரு. கடைசில பாத்தா?"

"சட்னி வேணுமா?" என்றேன்.

"கடைசில பாத்தா மூணும் ஒண்ணு! அதுவும் புதுசு கூட இல்ல. எங்கயோ பாலைவனத்துல மொளைக்கற ஒரு செடியோட விதையிலேர்ந்து பல வருஷம் முன்னாடியே எடுத்து 'ஹார்மின்'னு பேரு வச்சாச்சு. அந்த விதை நம்ம நாட்டு மருந்துக் கடையில கெடைக்குது. திருஷ்டிக்குப் புகை போடறாங்க! காடு மேடெல்லாம் அலைஞ்சு கொண்டு போன சரக்கு, நெருப்புல போடற விதையில இருந்திருக்கு!"

மேஜையில் அடித்தாள். என் சட்னி குதித்தது.

அந்தக் கொடியின் கதையில் இன்னொரு முடிச்சு உண்டு. பானையில் கொடி மட்டும் போவதில்லை, ஓர் இலையும் போகும். காட்சிகளைக் கொண்டுவருகிற சரக்கு இலையில்தான் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் நடக்காது. நம் உடம்பிலுள்ள ஒரு நொதி அதை உடைத்துப் போட்டுவிடும். கொடியிலுள்ள ஹார்மின் வகையறா அந்த நொதியைத் தடுக்கிறது. இது விஞ்ஞானிகளுக்குப் புரிவதற்கு ரொம்ப காலம் ஆயிற்று. ஊதா இதை ஹாஸ்டல் பெண்களுக்கு ஒரே நிமிஷத்தில் புரியவைத்தாள்.

"நம்ம வாட்ச்மேன் அண்ணன்தான் அந்த நொதி. லேட்டா வர்றவதான் இலை. தனியா வந்தா கேட்டுலயே மாட்டிக்குவா. இன்னொருத்தி போய் அண்ணன்கிட்ட அவர் பொண்ணு மார்க்கப் பத்திப் பேச ஆரம்பிச்சான்னு வச்சுக்க, அவதான் கொடி. இவ சைடுல உள்ள வந்துருவா."

பெண்கள் விஞ்ஞானத்தை உடனடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வாரம் கழித்து வார்டன் எங்கள் அறை வாசலில் நின்றார். "ஊதா, நீ பாடம் எடுக்கறத நிறுத்து. வாட்ச்மேன் பொண்ணு மார்க் இப்ப எனக்கே மனப்பாடம்."

அவள் அலமாரியில் துணிகளைவிடக் குப்பிகள் அதிகம். குடித்த ஒவ்வொரு கஷாயத்திலும் கொஞ்சம் காயவைத்து, விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டுவாள். இதற்கும் ஒரு கதை. அந்த அமேசான் கொடியை ஒரு தாவர ஆள் துண்டு துண்டாக வெட்டிச் சோதனைக்காகக் கப்பலேற்றினாராம். போய்ச் சேர்ந்தது, ஆனால் யாரும் சீண்டவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலே எங்கேயோ கிடந்ததை எடுத்துப் பார்த்தால், சரக்கு இன்னும் அதில் இருந்தது.

"நூறு வருஷம்டீ! கம்முனு காத்துக்கிட்டு இருந்திருக்கு. யாராவது வந்து கேக்க மாட்டாங்களான்னு," என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிடும். மனிதர்கள் செத்த செய்திக்கு அவள் இந்த அளவு கலங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் கள்ளிச்செடிக்காரர். கள்ளியிலிருந்து பல சரக்குகளைப் பிரித்த வேதியியல்காரர் ஒருவர், காட்சி தருவது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் தானே சாப்பிட்டுப் பார்த்தாராம். இதைப் படித்த அன்று ஊதா உணர்ச்சிவசப்பட்டு, தன்மேல் சோதனை செய்தே தீருவேன் என்று நின்றாள். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: சுக்கு காபி மட்டும்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கவனித்துக் குறிப்பெடுத்தேன். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. ஆறு நாற்பது: பேசுகிறாள். ஆறு ஐம்பது: பேசுகிறாள். ஏழு மணி: பேசுகிறாள். ஏழு பத்து: கையையும் ஆட்டிப் பேசுகிறாள். முடிவு: வழக்கத்துக்கு மாறாக எதுவும் காணப்படவில்லை.

அவளுடைய வாழ்நாள் கனவு ஒன்றுதான். நம் ஊர்க் கஷாயம் ஒன்றில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அப்படி ஒரு சரக்கைத் தான் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் கிளம்பிவிடுவோம். எத்தனை கஷாய வண்டிகள்! தூதுவளை, முடக்கத்தான், ஆடாதோடை, வாழைத்தண்டு. அவள் குடிப்பாள், துப்பட்டாவுக்குள் போவாள், "ம்ஹூம்" என்று வெளியே வருவாள். நான் நோட்டில் 'ம்ஹூம்' என்று எழுதுவேன்.

அந்தச் சுற்றில் எங்களுக்குப் பிடித்துப்போனது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு நடைப்பயிற்சிப் பூங்கா வாசலில் நின்ற செல்வி அக்காவின் வண்டி. அந்தக் கஷாயத்துக்காகவே காலை நடைக்கு வருகிறவர்கள் உண்டு. பாதிப் பேர் நடப்பதே இல்லை. வாசல்வரை வந்து, குடித்துவிட்டு, வியர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். செல்வி அக்காவுக்கு ஊதாவைக் கண்டால் சிரிப்பு.

"பாப்பா, முக்காட்டுக்குள்ள போயி என் கஷாயத்துக்கு என்ன மந்திரம் போடற?"

"உள்ள ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு பாக்கறேங்க்கா."

"என் வீட்டுக்காரர் ஒளிஞ்சிருந்தா சொல்லு. காலையிலேர்ந்து ஆளக் காணோம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு புதன்கிழமை, ஒருவர் எங்கள் கூடத்துக்கு ஒரு தண்ணீர் பாட்டிலில் பழுப்பு நிறத் திரவத்தோடு வந்தார். அந்தப் பூங்காவின் நடைப்பயிற்சியாளர் சங்கச் செயலாளர் அவர்; நேராக எங்கள் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார். செல்வி அக்காவுக்கு வாசலில் இடம் கொடுத்திருப்பதும் அந்தச் சங்கம்தான்.

"எங்க அப்பா ரிடையர்டு கணக்கு வாத்தியார் சார். போன வாரம் இந்தக் கஷாயத்தக் குடிச்சுட்டு அம்மா மண்டபம் படியிலயே உக்காந்து தூங்கிட்டார். எழுந்ததும், பெருமாள் ஆத்து மேல நடந்து வந்து தன்கிட்ட பேசினார்னு சொல்றார். யார் கேட்டாலும் சொல்றார். கேக்காதவங்கள நிறுத்தி வச்சும் சொல்றார். இதுல என்னமோ கலந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள ரிப்போர்ட் வேணும். அது வரைக்கும் வண்டி போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அந்த எடத்துக்கு ஸ்வீட் கார்ன்காரர் ஒருத்தர் ரெடியா இருக்கார்."

நானும் ஊதாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். செயலாளர் போனதும் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னோம்: நாங்கள் அந்த வண்டியின் வாடிக்கையாளர்கள், வேறு யாராவது பார்ப்பதுதான் முறை.

"திருச்சில கஷாயம் குடிக்காத ஆள நான் எங்கம்மா போயித் தேடுவேன்?" என்றார் மேனேஜர். பிறகு யோசித்து, "நீ பாரு. அவ வேண்டாம், அவ எதையும் கஷாயமாத்தான் பாப்பா," என்றார். கஷாயத்தைக் கஷாயமாகப் பார்ப்பதில் என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை.

முறைப்படி ஆரம்பித்தேன். செல்வி அக்காவுக்கு போன் செய்து, கஷாயத்தில் போடுகிற மருந்துச் சாமான்களைக் கேட்டு எழுதினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, துளசி, ஓமம், சித்தரத்தை, அதிமதுரம், மஞ்சள். ஒன்பது. ஒன்பதையும் வாங்கித் தனித்தனியாகச் சாறு எடுத்தேன். ஒரு கண்ணாடித் தட்டின் கீழ் ஓரத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து, அந்த ஓரத்தைக் கரைசலில் நிறுத்தினால், கரைசல் மேலே ஏறும்போது ஒவ்வொரு சரக்கும் தன் தன் உயரத்தில் போய் நிற்கும். கஷாயம் ஒரு புள்ளி, ஒன்பது சாமான்கள் ஒன்பது புள்ளி. கூடவே, ஊதா அந்தத் திருஷ்டி விதையிலிருந்து எடுத்து ஒப்பீட்டுக்காக வைத்திருந்த ஹார்மின் ஒரு புள்ளி.

தட்டு காய்ந்தது. இருட்டுப் பெட்டிக்குள் வைத்து ஊதா வெளிச்சத்தைப் போட்டேன். ஹார்மின் வழக்கம்போல் நீலமாக ஒளிர்ந்தது. கஷாயத்தின் வரிசையிலும், அதே உயரத்தில், ஒரு நீலம். ஒன்பது சாமான்களில் எதிலும் அந்த உயரத்தில் அந்த நீலம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தும் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஊதா அலறினாள். பக்கத்து அறையில் எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தவர் சோதனைக் குழாயைக் கீழே போட்டார்.

"அமேசான்ல இருக்கிறது அம்மா மண்டபத்துல இருக்குடீ! நீலம்டீ! அதே ஒசரம்டீ!" என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். நானும் நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை 'ம்ஹூம்'! முதல் தடவையாக நோட்டில் 'ஆம்' என்று எழுதப்போகிறேன்.

ஆல்கலாய்டு, அதாவது ஹார்மின் மாதிரியான செடிச் சரக்கு இருந்தால் காட்டும் மருந்தைத் தட்டில் தெளித்தேன். கஷாய வரிசையில் ஆரஞ்சு நிறம் ஏறியது. மிளகும் திப்பிலியும் போட்ட கஷாயத்தில் அது எப்படியும் ஏறும், அவற்றிலும் ஆல்கலாய்டு உண்டு. ஆனால் அந்த நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் அது கூடுதல் சாட்சியாகத்தான் தெரிந்தது.

குதித்துக்கொண்டிருந்த ஊதா சட்டென்று நின்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"செல்வி அக்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளுடைய கனவு மெய்யானால் செல்வி அக்காவின் வண்டி போய்விடும். இது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மேனேஜர் வந்து தட்டைப் பார்த்தார். "சென்னையில பெரிய மிஷினுக்கு அனுப்பினா ரெண்டு வாரமாகும். ஞாயித்துக்கிழமைக்குக் கேக்கறாங்க. 'முதல் கட்டச் சோதனையில் சந்தேகத்துக்குரியது'ன்னு எழுதிக் குடு. தப்பில்ல." தப்பில்லைதான். ஆனால் எங்கள் லெட்டர் பேடில் 'சந்தேகம்' என்ற ஒரு வார்த்தை போதும், ஸ்வீட் கார்ன் வந்துவிடும்.

அன்று முழுக்க ஊதா பேசவில்லை. என் குறிப்பில் இதற்கு முன்மாதிரி இல்லை. மறுநாள்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த டெலிபதின்காரங்க மூணு பேரும் என்ன தப்புடீ பண்ணாங்க? புதுசுன்னு நெனச்சு பேரு வச்சாங்க. ஏற்கெனவே பக்கத்துல இருக்கறதான்னு பாக்கல."

"நான் பாத்துட்டேனே. ஒன்பதும் பாத்துட்டேன்."

"ஒன்பதும் பாத்துட்ட," என்று திரும்பச் சொன்னாள். "அப்ப ஒன்பதுக்கு வெளிய பாக்கணும்."

ஒன்பதுக்கு வெளியே என்றால் உலகம் முழுக்க இருக்கிறது. அவள் ஹாஸ்டலிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை, பற்பசை, ஊறுகாய், வார்டனின் தைலம் வரை டார்ச் அடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் சமையலறைக்குள் நுழைந்தாள், பின்னாலேயே நானும். சமையல் அக்கா ரசம் தாளிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ஊதா அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துப்பட்டாவால் மூடி மூடிப் பார்த்தாள்.

"நான் ரசம் வைக்கணும், நீ சினிமா காட்டிக்கிட்டு இருக்க. கையத் தட்டி விட்டுறாத, பக்கத்துல பெருங்காயம் ஊற வச்சிருக்கேன்."

ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில், தண்ணீரில், கட்டிப் பெருங்காயம் கரைந்துகொண்டிருந்தது. ஊதா கிண்ணத்தின்மேல் துப்பட்டாவைப் போட்டு உள்ளே போனாள்.

ஒரு கை மட்டும் வெளியே வந்து, என் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்தது.

நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு பார்த்தோம். கிண்ணம் முழுக்க நீலம். மார்கழி விடியலில் காவிரிக்கு மேலே தெரிகிற நீலம். எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் அந்த நீலம் பட்டுத் தெறித்தது. நெடியில் தும்மல் வேறு.

"ரெண்டும் பைத்தியம்," என்று வெளியே சமையல் அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது. "ஒண்ணுதான்னு இத்தன நாளு நெனச்சேன்."

துப்பட்டாவுக்குள்ளிருந்தபடியே செல்வி அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கஷாயத்துல பெருங்காயம் போடுவீங்களா?"

"பின்ன? போடாம எப்படி? வயிறு கடமுடாங்குமே."

"அன்னிக்கு நான் கேட்டப்ப சொல்லவே இல்லியேக்கா!"

"நீ என்ன மருந்து போடறேன்னு தானே பாப்பா கேட்ட? பெருங்காயம் மருந்தா? தண்ணி ஊத்தறேன், அடுப்பு பத்த வைக்கறேன், அதயும் சொல்லணுமா?"

இருபத்தைந்து வருஷமாகப் பெருங்காயம் போட்ட சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவள் நான். என் அம்மாவிடம் ரசத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் அவளும் பெருங்காயத்தைச் சொல்ல மாட்டாள். தானாகவே எல்லாவற்றிலும் இருப்பதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? பட்டியல் போடுவதில் எனக்கிருந்த கர்வம் அந்தக் கிண்ணத்துக்குள் கரைந்தது.

ஆனால் கிண்ணத்து நீலம் சாட்சியாகாது. ஆட்டோ பிடித்துக் காட்டூர் போனோம். மேனேஜர் சாவியோடு வந்தார்; ஊதா வழியெல்லாம் போனில் கத்தியதில் அவருக்கும் ஜுரம் பிடித்துக்கொண்டது. சோதனை எளிமையானது. ஹார்மின் ஓர் ஆல்கலாய்டு; அமிலம் கலந்த தண்ணீரோடு குலுக்கினால் அந்தத் தண்ணீருக்குள் போய்விடும். ஹார்மினைக் குலுக்கினேன், நீலம் அமிலத்துக்குள் போயிற்று. கஷாயச் சாற்றைக் குலுக்கினேன். நீலம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு வேறு கரைசலில் புதிய தட்டு போட்டேன். இந்தத் தடவை ஹார்மின் ஓர் உயரத்தில் நின்றது. கஷாய நீலமும் பெருங்காய நீலமும் அக்கா தங்கை மாதிரி வேறொரு உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"போச்சுடீ!" என்று ஊதா கத்தினாள். "போச்சு! என் டெலிபதின் போச்சு! ரசமாயிடுச்சு!" கத்திக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். கனவு உடைந்ததை இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடிய ஒருத்தியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மீட்டிங். செல்வி அக்கா வண்டி இல்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஓரமாக நின்றார். நான் அறிக்கையைப் படித்தேன்: ஹார்மின் இல்லை, நீலம் பெருங்காயத்தினுடையது. செயலாளர் விடவில்லை.

"அப்போ எங்க அப்பா எப்படிம்மா தூங்கினார்?"

கணக்கு வாத்தியார் மாமா முன்வரிசையில் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஊதா நேராக அவரிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்குக் கஷாயத்துக்கு முன்னாடி வேற என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே இல்லம்மா. முந்தின நாள் ஏகாதசி. சுத்த உபவாசம். விடியற்காலம், விரதம் முடிக்கற பாரணைக்கு முன்னாடியே இதைக் குடிச்சேன்னு ஆத்துல மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"ஒண்ணுமேன்னா ஒண்ணுமேவா?"

"அன்ன ஆகாரம் எதுவும் தொடலைங்கறேன். ஜலதோஷத்துக்கு ரெண்டு மாத்திரை போட்டுண்டேன். மாத்திரை ஆகாரத்துல சேர்த்தியா?"

ஊதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் எழுதியிருந்தது: இன்னொரு பெருங்காயம்!

"தூக்கம் வருமே அந்த மாத்திரை. யார் மாமா குடுத்தாங்க?"

"வேற யாரு? இவன்தான்," என்று மாமா செயலாளரைக் கைகாட்டினார். "ஒண்ணு போறும்னேன். ரெண்டா போட்டுக்கோங்கோன்னான்."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். செயலாளர் அறிக்கையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "வெறும் வயித்துல ரெண்டு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்து, "செல்வி, நாளைலேர்ந்து வண்டியப் போட்டுக்கங்க," என்றார்.

"நாளைலேர்ந்து எதுக்குங்க? பாத்திரம் ஆட்டோல இருக்கு," என்றார் செல்வி அக்கா. அடுப்பு பற்றிக்கொண்டது.

மாமாவுக்கு மட்டும் ஒரு கவலை பாக்கி. என்னை மெல்லக் கூப்பிட்டார். "ஏம்மா, பெருமாள் வரலைன்னு உன் ரிப்போர்ட்ல எழுதியிருக்கியோ?"

"இல்ல மாமா. அத நாங்க டெஸ்ட் பண்ணல."

"அப்போ சரி," என்று டம்ளரை நீட்டினார்.

அடுத்த வருஷம் ஊதாவுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி இடம் கிடைத்தது. பழைய அருங்காட்சியகங்களில் தூங்கும் செடிகளைத் தட்டி எழுப்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற வேலை. அவளுக்காகவே யாரோ கண்டுபிடித்த வேலை. திருச்சி ஜங்ஷனில் ரயில் நகரும்போதும் ஜன்னல் வழியாக எதையோ சொல்லிக்கொண்டே போனாள். அது எந்தக் கொடியின் கதை என்று எனக்குக் கேட்கவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டாள். அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். உள்ளே குப்பிகள் எல்லாம் போய்விட்டிருந்தன, ஒன்றைத் தவிர. செல்வி அக்கா கஷாயம், காயவைத்தது. லேபிளுக்குப் பதில் ஒட்டியிருந்த என் பட்டியலில், ஒன்பது சாமான்களுக்குக் கீழே, அவள் கையெழுத்தில் பத்தாவது சேர்ந்திருந்தது.

போன மாதம் நானும் ஒரு டார்ச் வாங்கினேன். மத்தியானம் பன்னிரண்டு மணி, வெளியே கொளுத்துகிற வெயில். குப்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நீலம் அப்படியே இருந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அங்கே என்ன நேரமோ, உடனே பதில் வந்தது.

"இந்நேரத்துக்கு இருட்டு எங்கடீ கெடச்சுது?"

முழங்காலைக் கட்டிக்கொண்டு, துப்பட்டா தலைமேல் இருக்க, ஒரு கையால் டைப் செய்தேன்.

"உன் அலமாரியிலதான். உள்ள ஒரு ஆளு எடம் காலியா இருக்கு."